தங்கப் பதக்கம் வாங்கின படமும் டீ குடிக்கிற படமும்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோட எங்க ஊர் போட்டோகிராஃபி கிளப்பின் ஆண்டுக் கண்காட்சி முடிஞ்சது. ஃபிரேம்களைக் கழட்டி, பழைய நியூஸ்பேப்பர் சுத்தி, அட்டைப்பெட்டியில அடுக்கி, மண்டபத்துச் சாவியை ஒப்படைச்சுட்டு வீட்டுக்கு வரும்போது மணி பதினொண்ணரை. திங்கள் காலையில டூட்டி.

கண்காட்சி படங்களை இங்க போட்டதில் இருந்து இன்பாக்ஸில் ரெண்டே கேள்விதான் வருது. ஒண்ணு, "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு கேமரா தூக்க நேரம் எங்க கிடைக்குது?" இன்னொண்ணு, "நுழைவாயில்ல மாட்டியிருந்த, டீ குடிக்கிறவர் படம் யாரோடது? அதுல என்ன விசேஷம்?"

முதல் கேள்விக்குப் பதில்: நேரம் கிடைக்காது, தூக்கத்துல இருந்து எடுத்துக்கிறதுதான். ரெண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

முன்கூட்டியே சொல்லிடுறேன். இதில் வர்ற நோயாளியின் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேர், ஊர், பட்டறை எதுவும் வராது.

எங்க கிளப் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கு. நாற்பது பேர் சொச்சம். மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, ஒரு ஸ்டுடியோவின் மாடியில் கூடுவோம். ஸ்டுடியோ நடத்துற அண்ணாச்சிதான் தலைவர் மாதிரி. மாதிரிதான், தேர்தல் எல்லாம் கிடையாது. மாடி அவரோடது, ஃபேனும் அவரோடது.

இந்த வருஷம் எங்க ஆட்கள் செஞ்சதைக் கொஞ்சம் பெருமையடிச்சுக்கிறேன்.

ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு ஏ.எஃப்.ஐ.ஏ.பி. பட்டம் வந்திருக்கு. எஃப்.ஐ.ஏ.பி.ன்னா சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு. அதோட அங்கீகாரத்துல பல நாடுகளில் போட்டிக் கண்காட்சி நடக்கும், அதுக்குப் பேர் சலூன். அங்க நம்ம படங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வானா, பேருக்குப் பின்னால போட்டுக்க ஒரு பட்டம் தருவாங்க. முப்பது வருஷமா கல்யாணமும் காதுகுத்தும் எடுத்த மனுஷன், ஐம்பது வயசுக்கு மேல இதுல இறங்கி வாங்கிட்டார். முதல் தடவை வீட்டுக்கு போன் போட்டு "சலூன்ல என் படம் மாட்டப் போறாங்க"ன்னு சொன்னதும், அவர் வீட்டம்மா "எந்த சலூன், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கே அதுவா?"ன்னு கேட்டாங்களாம். இப்போ அவர் விசிட்டிங் கார்டைப் பார்த்துட்டு ஒருத்தர் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டிருக்கார். என் பேருக்குப் பின்னால நாலே எழுத்து, அவருக்கு அஞ்சு. கேட்டவர் மேல தப்பில்ல.

எங்க கிளப்ல ஒரு பள்ளிக்கூட டீச்சர். கூந்தன்குளத்துல வரித்தலை வாத்து எடுக்கிறதுக்காக மூணு குளிர்காலம் போனாங்க. இமயமலையைத் தாண்டி நம்ம ஊர்க் குளத்துக்கு வர்ற பறவை அது. விடியக்காலை நாலரைக்கு வயல் வரப்புல உட்கார்ந்துட்டு, எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடப் பிரேயர்ல நிப்பாங்க. சேறு காயாத செருப்போட. அந்தப் படம் நேச்சர் பிரிவுல பரிசு வாங்குச்சு. அதைவிட எனக்குப் பெரிசாத் தெரியிறது, ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அவங்க தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறது. கூடு பக்கத்துல போய்ப் படம் எடுக்கக் கூடாதுன்னு கிளப்ல விதி கொண்டுவந்ததும் அவங்கதான். நாம கிட்டப் போனா தாய்ப்பறவை பறந்துடும், முட்டை வெயில்ல வெந்துடும். இதைச் சொல்லும்போது டீச்சர் குரல்லதான் சொல்வாங்க, நாங்களும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் கேட்போம்.

ஒரு போலீஸ்காரத் தம்பி இருக்கார். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு ஊர் உலகத்து போட்டோகிராஃபர் எல்லாம் வருவாங்க, காளி வேஷம், குரங்கு வேஷம், கடற்கரையில சூரசம்ஹாரம்னு. இவருக்கு மட்டும் அங்க பந்தோபஸ்து. கண்ணு முன்னாடி எல்லாம் நடக்கும், கையில லத்திதான் இருக்கும். போன வருஷம் டூட்டி முடிஞ்சு மறுநாள் காலையில பஸ் ஏறியிருக்கார். ஜன்னல் சீட்டுல ஒருத்தர், முகத்துல சாயம் இன்னும் கலையல, மடியில காளியோட கிரீடத்தை வச்சுக்கிட்டு வாயைத் திறந்து தூங்குறார். செல்போன்ல எடுத்தது. கண்காட்சிக்கு வந்தவங்க அதிக நேரம் நின்னு பார்த்த படங்கள்ல அதுவும் ஒண்ணு.

பி.எஸ்சி. படிக்கிற ஒரு பொண்ணு, அவங்க ஆச்சி பீடி சுத்துற விரல்களை மட்டும் எடுத்து, கல்லூரிகளுக்கான போட்டியில முதல் பரிசு வாங்குச்சு. ஆச்சியைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டு வந்திருந்தா. ஆச்சி அந்தப் படத்தை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இத்தனை வருஷம் வளர்த்தேன், எம் மூஞ்சியை எடுக்காம விரலை எடுத்து மாட்டியிருக்கா பாரு"ன்னாங்க. மண்டபமே சிரிச்சுச்சு. நான் முழுசாச் சிரிக்கல. காரணம் கீழ வருது.

தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா, மாசக் கூட்டத்துல அரை மணி நேரம் பழைய கதை பேசுவார். இந்தத் தடவை லின்னேயஸ் டிரைப் பற்றிப் பேசினார். மதராஸ் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த ராணுவ அதிகாரி. 1858ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோட அடித்தளத்தைச் சுத்தி இருக்கிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டா எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமா ஆக்கினவர். சுமார் 19 அடி நீளம், அதுவும் பேப்பர் நெகட்டிவ்ல! "அந்தக் காலத்துல எக்ஸ்போஷர் நேரம் ரொம்ப அதிகம், நடக்கிறவன் படத்துல விழ மாட்டான். அதான் அவர் படத்துல கோயில் இருக்கும், ஆள் இருக்கிறது அபூர்வம்"னார் ஐயா.

எங்க பிரச்சனை அதுக்கு நேர் எதிர். எங்க படங்கள்ல ஆட்கள்தான். முக்கால்வாசிப் பேர் பேர் எங்களுக்கே தெரியாது.

இனி என் கதை.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளப்ல ஆறு பேர் ஒரு கல் பட்டறைக்குப் போனோம். அம்மி, ஆட்டுக்கல், சாமி பீடம் எல்லாம் செய்யிற இடம். தகரக் கொட்டகை, மேற்குப் பக்கம் தகரத்துல கை அகலத்துக்கு இடைவெளி. அஞ்சு மணி வெயில் அது வழியா உள்ள விழுது. ஒருத்தர் குத்தவச்சு உட்கார்ந்து கட்டிங் மெஷின்ல கல்லை அறுக்கிறார். வெள்ளைப் புகை மாதிரி தூசி எழும்புது. வெயில் அதுல பட்டு, கோடு கோடா கதிர்.

போட்டோ எடுக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்னு தெரியும். காத்துல துகள் இல்லன்னா ஒளிக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. இதுக்குன்னே சாம்பிராணி போடுறவங்க, மாவை ஊதி விடுறவங்க எல்லாம் உண்டு. இங்க இயற்கையாவே இருக்குன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்னைக்கு நான் சொன்ன ரெண்டு வாக்கியம் இன்னும் காதுல இருக்கு.

"அண்ணே, இன்னொரு தடவை மெஷினைப் போடுங்க, தூசி நல்லா பறக்கட்டும்."

"அண்ணே, அந்தத் துண்டை மட்டும் கீழ இறக்கிக்கோங்க, மூக்கும் தாடையும் தெரிஞ்சாத்தான் நல்லாருக்கும்."

வாய், மூக்கைச் சுத்திக் கட்டியிருந்த துண்டை அவர் இறக்கினார். மெஷினைப் போட்டார். நான் சொன்னதுக்காக அஞ்சாறு தடவை போட்டார். எம்பிபிஎஸ் மூணாவது வருஷம் சமுதாய மருத்துவப் பாடத்துல சிலிக்கோசிஸ் பற்றி அஞ்சு மார்க் கேள்விக்குப் பதில் எழுதினவன் நான். அந்தக் கொட்டகைக்குள்ள ஒரு நிமிஷம்கூட அது ஞாபகத்துக்கு வரல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஷட்டர் ஸ்பீடும் வெயில் இறங்குறதுக்குள்ள முடிக்கணும்கிற அவசரமும்தான்.

கிளம்பும்போது "போட்டோ அனுப்புறேன் அண்ணே"ன்னேன். எல்லாரும் சொல்றதுதான். போன் நம்பர்கூட வாங்கல.

அந்தப் படம் ஒரு சலூன்ல மோனோக்ரோம் பிரிவுல தங்கப் பதக்கம் வாங்குச்சு. வேற சில நாடுகளிலும் தேர்வாச்சு. கிளப்ல எனக்குப் பொன்னாடை. ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்காக்கள் எல்லாம் பால்கோவா கேட்டு வாங்கினாங்க. படத்துல இருந்தவருக்கு மட்டும் விஷயம் தெரியாது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலை ஓபி. கூட்டம் தெரியுமே, ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கொடுத்தாலே மதியம் தாண்டிடும். ஒருத்தர் உள்ள வந்தார். ஸ்டூல்ல உட்காருறதுக்குள்ள மூச்சு வாங்குது. ஐம்பது வயசு இருக்கும், பார்க்க அறுபத்தஞ்சு. கையில ஒரு மஞ்சப் பை, உள்ள எக்ஸ்ரே. டிபின்னு சொல்லி வெளியில ரெண்டு தடவை மாத்திரை கொடுத்திருக்காங்க, ரெண்டு தடவையும் சளி டெஸ்ட் செஞ்சதுக்கு ரிப்போர்ட் இல்ல. மூச்சுத்திணறல் குறையல, எடை மட்டும் குறையுது.

நான் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். அவர் என்னையே பார்க்கிறார்.

"சார், நீங்க பட்டறைக்கு போட்டோ பிடிக்க வந்த சார்தான?"

அப்புறம், "அந்த போட்டோ என்ன சார் ஆச்சு?"

எக்ஸ்ரேயில ரெண்டு நுரையீரலோட மேல் பாகத்துலயும் பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளிகள். நான் நெஞ்சக நோய் நிபுணர் இல்ல, சாதாரண டூட்டி டாக்டர். ஆனா அந்தக் கொட்டகையை நான் பார்த்திருக்கேன். "எத்தனை வருஷமாண்ணே கல் வேலை?"ன்னு கேட்டேன். இருபத்தஞ்சு வருஷம். முதல்ல உளியும் சுத்தியலும், கடைசிப் பத்து வருஷம் மெஷின்.

சளியை சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினேன், டிபி இல்லன்னு வந்துச்சு. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, அங்க சி.டி. எடுத்து, நெஞ்சக நோய் மருத்துவர்கள் பார்த்து உறுதி பண்ணினாங்க. சிலிக்கோசிஸ்.

இது என்ன நோய்னு சுருக்கமா சொல்றேன். கருங்கல்லுல குவார்ட்ஸ் இருக்கு, அதாவது படிக வடிவ சிலிக்கா. கல்லை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் அது தூசியாப் பறக்கும். பெரிய தூசியை மூக்கும் தொண்டைச் சளியும் பெரும்பாலும் பிடிச்சிடும். ஆபத்து, கண்ணுக்குத் தனியாத் தெரியாத பொடித்தூசிதான். நாலஞ்சு மைக்ரானுக்குக் கீழ இருக்கிறது நேரா நுரையீரலோட கடைசிக் காற்றுப்பை வரை போயிடும். தலைமுடியோட தடிமனே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல.

அங்க காவலுக்கு இருக்கிற செல்கள் அந்தத் துகளை விழுங்கும். கல்லாச்சே, செரிக்க முடியாது. செல் செத்துடும், துகள் வெளிய வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். இப்படியே நடந்து நடந்து அந்த இடத்துல தழும்பு கட்டிடும். ஸ்பாஞ்சு மாதிரி சுருங்கி விரியணும் நுரையீரல், அது இறுகிப் போயிடும். இந்தத் தழும்பைக் கரைக்க இன்னைக்கு வரை மருந்து இல்ல. வேலையை விட்டாலும் நோய் கூடிக்கிட்டே போகலாம். இதுக்கு மேல, சிலிக்கோசிஸ் இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பும் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரேயில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால டிபி இல்லாதவருக்கு டிபி மாத்திரையும் போகும், சிலிக்கோசிஸோட டிபியும் இருக்கிறவருக்கு ஒண்ணு மட்டும் கண்டுபிடிக்கப்படும்.

1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்துலயே, கண்டுபிடிச்சா அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல இது இருந்துச்சு. மூணு பேர் வேலை பார்க்கிற தகரக் கொட்டகை எந்தக் காலத்துல ஃபேக்டரி கணக்குல வந்திருக்கு?

உங்க வீட்டுல யாராவது கல் உடைக்கிற, அறுக்கிற, கிரஷர், மணல் பீய்ச்சித் துரு எடுக்கிற வேலையில இருந்து, ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ மூச்சு வாங்குறதோ இருந்தா, டாக்டர் கேட்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க: என்ன வேலை, எத்தனை வருஷமா. ஓபி கூட்டத்துல நாங்க கேட்க மறந்துடுறோம், இது உண்மை. சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில இலவசம், அதைச் செய்யாம டிபி மாத்திரை ஆரம்பிக்க விடாதீங்க. ஈரத்துண்டு கட்டினாப் போதும்னு நினைக்காதீங்க, பொடித்தூசிக்குத் துண்டு ஒரு தடையே இல்ல. பீடி, சிகரெட் இருந்தா அன்னைக்கே நிறுத்தணும்.

சரி, அந்த போட்டோவுக்கு வர்றேன்.

மறுவாரம் பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு, ஃபிரேம் பண்ணி, அவர் வீட்டுக்கே எடுத்துட்டுப் போனேன். மனசுல இருந்த குறுகுறுப்புக்குக் கண்ணாடி ஃபிரேம். அவரும் அவர் வீட்டம்மாவும் அதைக் கையில வாங்கிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"நல்லாருக்கு சார்"னார். கொஞ்சம் கழிச்சு, "இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

அது சில்அவுட் படம். கதிர் முழுக்க வெள்ளை, ஆள் முழுக்கக் கருப்பு, மூக்கும் தாடையும் கோடா மட்டும் தெரியும். நடுவர்கள் ரசிச்சதே அதைத்தான். அந்தம்மா விரலை வச்சுத் தடவிப் பார்த்தாங்க. "முகமே தெரியலியே சார். இவுகளுக்கு நல்ல போட்டோ ஒண்ணுகூட கிடையாது. கல்யாண போட்டோ மழையில போயிட்டு. ஆதார் கார்டுல இருக்கது இவுக மாதிரியே இல்ல."

அன்னைக்கு ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். அந்தச் சாயங்காலம் மட்டும் இருநூத்துச் சொச்சம் படம் எடுத்திருக்கேன். கிட்டத்தட்ட எல்லாம் அதே கதிர், அதே கருப்பு உருவம். ஒரே ஒரு படம் வேற. நடுவுல டீ வந்திருக்கு. துண்டு தோள்ல கிடக்கு, கையில கண்ணாடி கிளாஸ், பக்கத்துல யாரோ ஏதோ சொல்ல, அவர் கண்ணு சுருங்கச் சிரிக்கிறார். புருவத்துல வெள்ளையா கல்தூசி. ஃபோகஸ் சுமார். பின்னாடி ஒரு பிளாஸ்டிக் குடம் துருத்திக்கிட்டு நிக்குது. நான் அதுக்கு 'வேண்டாம்'னு சிவப்புக் குறி போட்டு வச்சிருந்தேன். அழிக்காம விட்டது சோம்பேறித்தனம்தான்.

அதை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்தம்மா வாங்கின உடனே "ஆங், இதுதான் இவுக"ன்னாங்க.

அவர் ஒம்பது மாசம் இருந்தார். கடைசி ரெண்டு மாசம் வீட்டுலயே ஆக்சிஜன். போனா கட்டில் பக்கத்துல உட்காருவேன். செய்யிறதுக்கு எனக்கு வேற பெரிசா எதுவும் இல்ல. ஒரு தடவை நான் துண்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்: "இருபத்தஞ்சு வருஷம் தின்ன தூசி சார். நீங்க சொன்ன அஞ்சு நிமிஷத்துலயா வந்துச்சு." மருத்துவக் கணக்குப்படி அவர் சொன்னது சரி. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் ஒத்து வரல.

அவர் தவறின மறுநாள் தெருமுனையில ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. அந்த டீ போட்டோதான். டீ கிளாஸை வெட்டிட்டாங்க, குடத்தையும் வெட்டிட்டாங்க. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வெற்று உடம்புக்கு ஒரு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, பின்னால நீல வானமும் புறாவும் வச்சிருந்தார். எங்க கிளப்ல யாராவது இப்படி எடிட் பண்ணினா தலையில அடிச்சுக்குவோம். அந்தச் சிரிப்பை மட்டும் யாரும் தொடல. தூசி படிஞ்ச புருவமும் அப்படியே இருந்துச்சு.

அடுத்த மாசக் கூட்டத்துல இதை எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஸ்டுடியோ அண்ணாச்சிதான் ஆரம்பிச்சார். "நான் முப்பது வருஷமா போட்டோ பிடிக்கேன். பிரிண்ட் கொடுக்காம எவன்கிட்டயாவது காசு வாங்க முடியுமா? கல்யாண வீட்டுக்காரன் கடையை அடைச்சிர மாட்டான்? கலைன்னு பேர் வச்சுக்கிட்டதும் நமக்கு அது மறந்துபோச்சு."

அன்னைக்கு ஒரு விதி போட்டோம். முகமோ உருவமோ அடையாளம் தெரியிற ஒருத்தரை எடுத்தா, அவர் கையில ஒரு பிரிண்ட் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் படத்தை எந்தப் போட்டிக்கும் அனுப்பணும். அதுவும், அவருக்கு எந்தப் படம் பிடிக்குதோ அந்தப் படத்தோட பிரிண்ட்.

எல்லாரும் கைதட்டி ஏத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. ரெண்டு பேர் கிளப்பை விட்டே போனாங்க. "குலசைக் கூட்டத்துல காளி வேஷம் போட்டவரை எங்கய்யா தேடுறது?"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். அதனால திருவிழாக் கூட்டத்துக்கு விலக்கு உண்டு. ஆனா போலீஸ்காரத் தம்பி அந்த பஸ் காளியைத் தேடிப் பிடிச்சுட்டார். போலீஸ் மூளை! கண்டக்டரை விசாரிச்சு, இறங்கின ஸ்டாப்பைக் கண்டுபிடிச்சு, டீக்கடையில போனை நீட்டி, கடைசியில வீட்டுக்கே போயிட்டார். யூனிஃபார்ம்ல போனதால அந்த வீட்டுல ஒரு நிமிஷம் எல்லாருக்கும் உயிர் போயிருக்கு.

பிரிண்ட் செலவு ஒண்ணும் பெரிசில்ல, ஒரு பரோட்டா காசு. அலைச்சல்தான் பெரிசு. இப்போ மாசத்துல ஒரு ஞாயிறு அதுக்குன்னே போகுது. சில வீட்டுல நாங்க போறதுக்குள்ள ஆள் இருக்கிறதில்ல. ஒரு தடவை கீரை விக்கிற அம்மா ஒருத்தங்க பிரிண்ட்டை வாங்கவே இல்ல. "என்னைக் கேட்காம எடுத்துட்டு, என்கிட்டயே கொண்டுவந்து கொடுக்கியா? அழி முதல்ல"ன்னாங்க. எடுத்தது எங்க டீச்சர். அங்கேயே நின்னு அழிச்சாங்க. நல்ல படம் அது, ஒரு பெரிய போட்டிக்கு அனுப்ப வச்சிருந்தாங்க. திரும்பி வர்ற வழி முழுக்க டீச்சர் பேசல. அடுத்த கூட்டத்துல, எடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்கணும்னு விதியில ஒரு வரி சேர்த்தாங்க.

பட்டறை விஷயத்துல நான் ஒரு முட்டாள்தனம் பண்ண இருந்தேன். "மெஷின்ல தண்ணி விட்டு அறுங்க, தூசி வராது"ன்னு எல்லாப் பட்டறைக்கும் சொல்லலாம்னு கிளம்பினேன். கிளப்ல எலக்ட்ரீசியன் ஒருத்தர் இருக்கார், பறவைப் படம் எடுப்பார். அவர்தான் தடுத்தார். "சார், கையில பிடிக்கிற சாதா மெஷின்ல தண்ணி பட்டா ஷாக் அடிக்கும். தூசியில இருபது வருஷத்துல சாகிறவன் உங்க அட்வைஸ்ல அன்னைக்கே செத்துருவான்." தண்ணிக்குன்னே செஞ்ச மேஜைக் கட்டர் வேணும், எர்த் சரியா இருக்கணும், கசிவு வந்தா லைனை வெட்டுற பிரேக்கர் வேணும். இல்லன்னா தூசியை உறிஞ்சுற மூடி மாட்டணும். ரெண்டு ஞாயிறு அவரே வந்து ஒரு பட்டறையில வேலையை முடிச்சுக் கொடுத்தார். அவருக்கு இந்த வருஷம் எந்தப் பதக்கமும் வரல. அவரோட மீன்கொத்தி ரெண்டு சலூன்லயும் திரும்பி வந்துடுச்சு.

மத்தப் பட்டறைகள் இன்னும் அப்படியேதான். "தண்ணி பட்டா சேறாகுது, வேலை லேட்டாகுது"ன்னு ஒருத்தர். "மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது"ன்னு ஒருத்தர். ரெண்டுமே உண்மைதான், கோடையில தகரக் கொட்டகைக்குள்ள என்-95 மாஸ்க்கோட ஒரு மணி நேரம் நின்னு பார்த்திருக்கேன்.

இந்த வருஷம் கண்காட்சிக்கு எந்தப் படத்தைக் கொடுக்கிறன்னு கேட்டாங்க. டீ படத்தைக் கொடுத்தேன், குடத்தோட. தங்கப் பதக்கப் படம் வீட்டுல அலமாரிக்குப் பின்னாடி இருக்கு.

ஞாயிறு சாயங்காலம், மூடப்போற நேரத்துல அந்தம்மா வந்தாங்க. கூட அவங்க மகன், இருபத்திநாலு வயசு. படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாங்க. "கிளாஸையும் வச்சிருக்கீகளே. டீ இல்லாம ஒரு நாள் இருக்க மாட்டாக"ன்னாங்க. அப்புறம் மகனைத் திரும்பிப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னாங்க: "இவனும் இப்ப மெஷின்லதான் சார் நிக்கான். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

பையன் தரையைப் பார்த்துக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்"னான். செவ்வாய்க்கிழமை காலை ஓபிக்கு வா, வரிசையில நிக்க வேண்டாம், நேரா என் ரூமுக்கு வான்னு சொல்லி அனுப்பினேன்.

இன்னைக்கு செவ்வாய். ஓபி முடிஞ்சு ரெண்டு மணி வரைக்கும் பார்த்தேன், வரல. அம்மாவுக்கு போன் போட்டேன். அவசர வேலையாம், ஏதோ கோயில் பீடம் வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணுமாம்.

நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் பட்டறைக்கே போறேன். அன்னைக்குக் கண்காட்சியில அம்மாவும் மகனும் சேர்ந்து நின்னதை ஸ்டுடியோ அண்ணாச்சி எடுத்திருக்கார். அந்த பிரிண்ட்டும் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கு.